கிணற்றில் எண்ணெய் வாசனை

சென்ற ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை வேளையில், எங்கள் தெருக் கோடியில் வசிக்கும் ஆயா ஒருத்தி கையில் செம்புடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றாள்.

செம்பில் இருந்தது அவள் வீட்டுக் கிணற்று நீர். பார்வைக்குப் பளிங்கு மாதிரி இருந்தது. மூக்கின் அருகே கொண்டுபோனேன். மோட்டார் ஒர்க்ஷாப்பில் வண்டியைக் கழற்றிப் போட்டிருக்கும் இடத்தில் வருமே, அந்த வாசனை லேசாக அடித்தது.

"குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

இருபது வருஷமாகப் பையன்களுக்கு விஞ்ஞானம் போதித்து வருகிறவன் நான். சர்வகலாசாலை கொடுத்த பட்டம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. அப்படியிருந்தும் அந்த இரண்டு வினாடிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "இப்போதைக்கு வேண்டாம், ஆயா. விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். அந்த விசாரணை எனக்குக் கற்றுக் கொடுத்த பாடங்களைத்தான் இந்த வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

எங்கள் நசரத்பேட்டையைப் பெங்களூர் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். பூந்தமல்லியைத் தாண்டியவுடன், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை பெங்களூர் சாலையைக் கடக்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. ஆகையால் தண்ணீருக்குப் பெரிய பஞ்சம் வந்ததில்லை. சாலையோ இரவு பகல் ஓய்வதில்லை. லாரிகள் ஓடுகிற இடத்தில் பெட்ரோல் பங்க் இல்லாமல் இருக்குமா? இருக்கிற பங்குகளை எண்ணிவிடலாம். இருந்து போன பங்குகளை எண்ணுவதுதான் கஷ்டம். சாலையை அகலப்படுத்தினபோது சில நகர்ந்தன, சில மூடப்பட்டன. ஆயா வீட்டுக்குச் சற்று மேற்கே மதில் எழுப்பிப் பூட்டுப் போட்ட காலிமனை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே பங்க் இருந்தது. கூரையையும் பம்புகளையும் எடுத்துக்கொண்டு போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பூமிக்குள் புதைத்திருந்த தொட்டிகள் என்னவாயின என்று கேட்டால், கிரேன் வைத்துத் தூக்கினார்கள் என்கிறார் ஒருவர். மணலைக் கொட்டி மூடினார்கள் என்கிறார் மற்றொருவர். இன்னொருவர், "தொட்டியா? பூமிக்குள்ளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர் பேரில் குற்றமில்லை. வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர், நாம் நிற்கும் தரைக்கு அடியில் பதினாயிரம், இருபதினாயிரம் லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டிகள் படுத்திருக்கின்றன என்று நினைத்துப் பார்க்கிறோம்? தீ விபத்துக்குப் பயந்துதான் அவற்றைப் பூமிக்குள் வைக்கிறார்கள். அந்த மட்டில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஈர மண்ணில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கூடத் தெரிந்த சமாசாரம். தொட்டியாவது கனமான தகடு. தொட்டியையும் பம்பையும் இணைக்கும் குழாய்களும் மூட்டுகளும் அதற்கு முன்பே தளர்ந்துவிடக் கூடும்.

கசிந்தால் பங்க் முதலாளிக்கு உடனே தெரியாதா, நஷ்டம் அவருக்குத்தானே என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்றால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு வருஷத்தில் 1,500 லிட்டருக்கு மேல். தொட்டியின் இருப்பைத் தினந்தோறும் அளவுகோலை விட்டுப் பார்க்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் பெட்ரோல் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் பண்டம். 10,000 லிட்டர் பெட்ரோலில் ஒரே ஒரு டிகிரி உஷ்ணம் குறைந்தால், அளவில் சுமார் 10 லிட்டர் குறைந்து காணும். பத்து லிட்டர் தானாகவே வந்து போகிற கணக்கில், திருட்டுப் போன நாலு லிட்டரை எந்தக் கணக்கப்பிள்ளை கண்டுபிடிப்பார்? பெரிய ஓட்டை சீக்கிரம் அகப்பட்டுக்கொள்ளும். சின்ன ஓட்டைதான் வருஷக் கணக்கில் வாழும்.

கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் இடுக்குகளில் பரவுகிறது. மிச்சம் நிலத்தடி நீர்மட்டத்தை எட்டினதும் அங்கேயே நின்று, குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது போல் மிதக்கிறது. பிறகு அது தண்ணீர் சாய்கிற பக்கம் மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கிறது. நம்முடைய பருவகாலங்களும் இந்தக் காரியத்துக்கு உதவி செய்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் ஏறுகிறது. மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி மேல் மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. சித்திரை வைகாசியில் மட்டம் இறங்கும்போது எண்ணெயும் இறங்கிக் கீழ் மண்ணைப் பூசுகிறது. பத்து வருஷத்தில் பத்துத் தடவை இப்படிப் பூசி மெழுகினால், ஒரு விரற்கடை கனத்துக்கு மிதந்த எண்ணெய் ஓர் ஆள் உயரத்து மண்ணை நனைத்துவிடும். சில கிணறுகளில் மழைக்காலத்தில் வாசனை வருவதும் கோடையில் மறைவதும், சிலவற்றில் அது நேர்மாறாக நடப்பதும் இதனால்தான். வாசனை நின்றுவிட்டது, தொல்லை தீர்ந்தது என்று எண்ணி மறுபடியும் வாளியை இறக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மிதப்பது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பொல்லாதது கரைவது. பெட்ரோலில் பென்ஸீன் என்று ஒரு சரக்கு இருக்கிறது; இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகம் ஒப்புக்கொண்ட விஷம். நம் தேசத்தில் இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று சட்டம். நூற்றுக்கு ஒன்றுதானே என்று அலட்சியமாயிருக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி லிட்டர் என்றால், எடையில் கிட்டத்தட்ட 9 கிராம். குடிநீரில் பென்ஸீன் லிட்டருக்கு 0.01 மில்லி கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்ஸீன் முழுவதும் கரையுமானால், எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்த அது போதும். ஆயா வீட்டுக் கிணறு மாதிரி முப்பது கிணறு! பென்ஸீன் முழுவதும் அப்படிக் கரைவதில்லை. ஆவியாகப் போவது போகும்; மண்ணில் உள்ள கிருமிகள் தின்பது தின்றுவிடும். அந்த மட்டில் பூமாதேவி நம்மிடம் கருணையாகத்தான் இருக்கிறாள். ஆனால் இப்போது பெட்ரோலில் சாராயச் சத்தான எத்தனாலை நூற்றுக்கு 20 வரையில் கலக்கிறார்கள் அல்லவா? கிருமிகளுக்கும் அதுதான் முதல் விருந்து. எத்தனாலைத் தின்று தீர்ப்பதில் மண்ணிலுள்ள பிராண வாயு செலவாகிவிட, பென்ஸீன் தின்பாரற்று இன்னும் தூரம் பிரயாணம் செய்யக்கூடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

மூக்கை நம்பலாமா? வாசனை வந்தால் நம்பலாம், வராவிட்டால் நம்பக்கூடாது. தண்ணீரில் பென்ஸீன் தனியாக இருந்தால், குடிநீர் வரம்பைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறினால்தான் மனித மூக்குக்கு எட்டும். ஆயா செம்பில் மோந்தது பெரும்பாலும் பென்ஸீனின் உறவுக்காரச் சரக்குகளையாக இருக்கும். காய்ச்சிக் குடித்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். காய்ச்சினால் பென்ஸீன் தண்ணீரை விட்டுப் போகத்தான் போகும். போய் எங்கே தங்கும்? அடுப்பங்கரையில், அடுப்பின் அருகே நிற்கிற பெண்பிள்ளையின் மூச்சில்.

இனி என் விசாரணையின் கதைக்கு வருகிறேன். இதில் முதல் அங்கம் வெட்கப்பட வேண்டியது. ஆயா கிணற்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, ஜன்னலோரம் இரவெல்லாம் வைத்திருந்து, மறுநாள் பஸ் ஏறிப் பட்டணத்தில் ஒரு சோதனைச் சாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அழகான அச்சுக் காகிதத்தில் பதில் வந்தது. உப்பு இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு, இரும்பு இவ்வளவு, கிருமி இல்லை, "குடிக்கத் தக்கது". ஆயாவிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவள் அன்றைக்கே வாளியைக் கிணற்றில் இறக்கியிருப்பாள். நல்ல வேளையாகச் சந்தேகம் வந்து மறுபடியும் போய்க் கேட்டேன். சோதனைச் சாலைக்காரர் சிரித்தார்.

"சார், நீங்கள் வாசனையை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் எனக்குக் கொண்டுவந்தீர்கள். அதோடு, பென்ஸீன் பார்க்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுக்கவும் இல்லையே!" என்றார்.

சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் எண்ணெய்ச் சரக்குகள் சேருவதில்லை. தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டும். தண்ணீர் பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 40 மில்லி லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குப்பியில், விளிம்பு ததும்பும்படி மெல்ல நிரப்பி, ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் மூட வேண்டும். குமிழி இருந்தால் பென்ஸீன் தண்ணீரை விட்டு அதற்குள் குடியேறிவிடும். கெடாமலிருக்க ஓரிரு துளி அமிலம் விட்ட குப்பியை அவர்களே கொடுக்கிறார்கள். மூடின குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இந்த விவரம் தெரியாததனால் இத்தேசத்தில் எத்தனை கிணறுகள் நற்சாட்சிப் பத்திரம் வாங்கி வைத்திருக்கின்றனவோ!

கேலி பேசினாலும் மனிதர் நல்லவர். "தண்டையார்ப்பேட்டை சமாசாரம் உங்களுக்கு ஞாபகமில்லையா?" என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அரைகுறை ஞாபகந்தான். 2013-ஆம் வருஷத்தில் வட சென்னையில் தண்டையார்ப்பேட்டைவாசிகள் சிலர் தங்கள் வீட்டுக் குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வருவதைக் கண்டு கூக்குரலிட்டார்கள். துறைமுகத்திலிருந்து தண்டையார்ப்பேட்டைக் கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியம் கம்பெனியின் நிலத்தடிக் குழாயில் கசிவு என்று தெரியவந்தது. விஷயம் தேசீயப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரையில் போயிற்று. பூமிக்குள் போன எண்ணெயை மேலே இழுப்பதற்கென்று தனிக் கிணறுகள் தோண்டி, வருஷக் கணக்கில் வேலை நடந்தது. ஒரு நாளில் உள்ளே போனதை ஒரு வருஷத்தில் வெளியே எடுக்க முடிவதில்லை என்பதற்கு நம் கண் முன்னே உள்ள திருஷ்டாந்தம் அது.

இங்கே நான் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். பாரத் பெட்ரோலியம் ஆதியில் பர்மா ஷெல் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. 1976-இல் நம் சர்க்கார் அதை எடுத்துத் தேசவுடைமை ஆக்கிற்று. பழைய பெயரிலேயே அந்தக் குழாய் கசிந்திருந்தால் ஊருக்கு ஊர் மேடை போட்டு, நம் தாய்மண்ணில் அந்நியன் நஞ்சு கலந்தான் என்று முழங்கியிருப்போம். நம்முடைய சொந்தக் கம்பெனி ஆகிவிட்டதனால் அது தண்டையார்ப்பேட்டைக்காரர்களின் தலைவலியாக நின்றுவிட்டது. சொந்தக் கம்பெனியைத்தான் அதிகக் கண்டிப்புடன் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதன் லாபத்தில் மட்டுமா நமக்குப் பங்கு?

தண்டையார்ப்பேட்டையில் குழாய் அகப்பட்டது. எங்கள் தெருவிலோ சந்தேகத்துக்கு இடமான மனையைச் சுற்றி மதில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளிருப்பதை அறிய முடியுமா? ஓரளவு முடியும் என்று கண்டேன். இதற்கு உதவியது க்ஷேத்திர கணிதம். மூன்று புள்ளிகள் கிடைத்தால் ஒரு சமதளத்தின் சாய்வு தெரிந்துவிடும் என்று போதிக்கிறோமே, நிலத்தடி நீர் விஷயத்திலும் அதே சூத்திரம்தான். மூன்று கிணறுகளில், ஒரே பொது மட்டத்திலிருந்து, நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தால், தண்ணீர் எந்தத் திசையில் சாய்கிறது என்பது புலப்படும். இதற்கென்று பண்டிதர்கள் தனிக் கிணறுகள் துளைத்து, எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டும் கருவிகளை இறக்குகிறார்கள். மண்ணிடுக்கின் ஆவியை உறிஞ்சி அளக்கும் யந்திரங்களும் வைத்திருக்கிறார்கள். நானோ நாலு பையன்களையும், அளவு நாடாவையும், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தண்ணீர்க் குழாய் மட்டத்தையும் வைத்துக்கொண்டு காரியத்தை ஆரம்பித்தேன்.

பிள்ளையார் கோயில் கிணறு, வாழைத் தோட்டத்துக் கிணறு, ஆயா வீட்டுக் கிணறு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டோம். ஊர் விழித்து மோட்டார்களைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் நீர்மட்டம் குழிந்து கணக்கு பாழாகிவிடும். முதல் நாள் ஒரு பையன் நாடாவைத் தலைகீழாகப் படித்து எல்லாவற்றையும் குளறுபடி செய்தான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அளவுகள் ஒத்து வந்தன. கோயில் கிணற்றில் நீர்மட்டம் உயரம். ஆயா கிணற்றில் தாழ்வு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. மதில் போட்ட மனை அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

இதனால் மனையின் பேரில் குற்றம் ருஜுவாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு சாண் சாய்வை வைத்துக்கொண்டு எந்த நியாயஸ்தலத்திலும் வாதாட முடியாது. ஆயா வீட்டு மோட்டாரின் எண்ணெயே கிணற்றில் ஒழுகியிருக்கலாம். நான் முதலில் சந்தேகப்பட்டதும் அதைத்தான். அது நீர்மூழ்கி மோட்டார் அல்ல, கரையில் நிற்கிறது, எண்ணெய்க் கறையும் இல்லை என்று பார்த்த பிறகே அந்தச் சந்தேகத்தை விட்டேன். எங்கோ ஒரு லாரி கழுவுகிறவர் சாக்கடையில் கொட்டியதாகவும் இருக்கலாம். எண்ணெய்க்கு எண்ணெய் சரக்குகளின் விகிதம் வேறுபடும். அதைப் பிரித்துப் பார்க்கும் ரசாயன யந்திரத்தில் கொடுத்தால், கைரேகை பார்ப்பது போல், இது பெட்ரோலா டீசலா, புதிதா பழையதா என்று சொல்லிவிடுவார்கள்.

யாருடைய எண்ணெய் என்ற இந்தக் கேள்வி எவ்வளவு பெரிய வழக்காக முடியும் என்பதை அறிய வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களில் தேங்கும் மழை நீர்தான் குடிக்கவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் ஒன்றைத் தனியார் கம்பெனி நடத்தி வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் காணவே ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். உடனே, யுத்த காலத்தில் சேதமான பழைய எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து போனதாக்கும் அது என்று ஒரு பேச்சு எழுந்தது. நிபுணர்களின் அறிக்கைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. கல்லில் துவாரம் துவாரமாக இருக்கும் பூமியில், நான் இங்கே செய்த மூன்று கிணற்றுக் கணக்கு அவ்வளவு நம்பகமானதும் அல்ல. தண்ணீர் தன் இஷ்டப்படி சுரங்கம் சுரங்கமாகப் பாயும். 2015-இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடப்பட்டு, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மண்ணையும் நிலத்தடி நீரையும் அசுத்தப்படுத்தியதற்குக் கம்பெனியே பொறுப்பு என்று கண்டு, கிணறு கெட்டவர்களுக்காக இலங்கை நாணயத்தில் 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. நாலு வருஷம் கழித்து வந்தாலும் நியாயம் நியாயந்தான். ஆனால் அந்த நாலு வருஷமும் அந்த ஜனங்கள் என்ன தண்ணீரைக் குடித்திருப்பார்கள்?

நம் நாட்டில், அசுத்தப்படுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற தத்துவம் சட்டமானதற்கு நம் வேலூர் ஜில்லாத் தோல் ஷாப்புகள்தான் காரணம். பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டது பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. பெட்ரோல் பங்குகளைப் பொறுத்தவரை, 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஏற்பாடு செய்தது: புதிய பங்குகளைப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு இவற்றுக்கு 50 மீட்டருக்குள் வைக்கலாகாது, இடம் கிடைக்காவிட்டால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை வரலாம். நல்ல காரியம். ஆனால் இது புதியவற்றுக்கு. தவிர, பூமிக்குள் போகிற எண்ணெய் மீட்டர்க் கோல் பிடித்து நிற்பதில்லை.

இன்னும் பொருத்தமானது 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள். விஷச் சரக்குகளால் கெட்டுப்போன இடங்களைக் கையாளுவதற்கென்றே தனி விதிகள் வந்தது இதுதான் முதல் தடவை. சந்தேகத்துக்கு இடமான இடங்களை ஜில்லா நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டுத் தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களுக்குள் பூர்வாங்க பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு மூன்று மாதத்தில் விரிவான ஆராய்ச்சி. கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. குறை எங்கே வருகிறதென்றால், பட்டியல் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதில். தாசில்தாருக்கு மதிலுக்குள் இருப்பது எப்படித் தெரியும்? ஏதோ ஒரு ஆயா செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால்தான் தெரியும். அதற்குள் எண்ணெய் தொட்டியை விட்டு, மதிலைக் கடந்து, தெருவைத் தாண்டிக் கிணற்றுக்கே வந்து சேர்ந்திருக்கும்.

அமெரிக்கர்கள் இதில் நமக்கு ஒரு தலைமுறை முன்னால் அடிபட்டவர்கள். அங்கே 1984-இல் பூமிக்கடித் தொட்டிகளுக்கென்று சட்டம் செய்து, 1988-இல் விதிகள் போட்டார்கள். தொட்டியை வைத்திருப்பவன்தான் கசிவைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம். தேடத் தொடங்கியதும் இதுவரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கசிவுகள் அகப்பட்டிருக்கின்றன! கலிபோர்னியாவில் ஸாண்டா மோனிகா நகரம் 1996-இல் பெட்ரோலில் கலக்கும் ஒரு சரக்குக் கலந்துவிட்டதால் தன் முக்கியமான ஊற்றுக் கிணறுகளையே மூட வேண்டியதாயிற்று. அந்தத் தேசத்தில் தொட்டிகள் நம்முடையதைவிட மட்டமானவை என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் தேடினார்கள்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே, நீர் சாயும் திசையில், நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் பூமியில் இறக்கி, அதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு குப்பி தண்ணீர் எடுத்துப் பார்ப்பதற்கு என்ன செலவாகும்? ஒரு பங்கின் ஒரு நாள் வியாபாரத்தில் எத்தனையில் ஒரு பங்கு? அதுபோலவே, ஒரு பங்கை மூடும்போது தொட்டி எங்கே போயிற்று, அடியிலிருந்த மண் எப்படியிருந்தது என்று எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு பிரதி வைத்தால் என்ன? பங்குகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமை ஆபீஸ் நாகபுரியில் இருக்கிறது. தொட்டிகள் எங்கெங்கே புதைந்திருக்கின்றன என்ற வரைபடம் லைசென்ஸ் காகிதத்தோடு கட்டாயம் இருக்க வேண்டியது. அந்தக் காகிதம் நாகபுரி மட்டும் அறிந்த ரகசியமாக இருப்பானேன்?

ஆயாவின் விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேனே. இரண்டாம் தடவை முறைப்படி கண்ணாடிக் குப்பியில் கொண்டுபோன தண்ணீரில் பென்ஸீன் இருந்தது. வரம்புக்கு மேலேயே இருந்தது. கோயில் கிணற்றுத் தண்ணீரில் அறவே இல்லை. இரண்டு காகிதங்களையும், பையன்கள் போட்ட மூன்று கிணற்று வரைபடத்தையும் இணைத்து, பஞ்சாயத்துக்கும் திருவள்ளூர்க் கலெக்டர் ஆபீஸுக்கும் மனு எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கி வந்திருக்கிறேன். மதிலின் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

காகிதத்தைப் படித்துக் காட்டினபோது ஆயா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "மாட்டுக்காச்சும் காட்டலாமா, வாத்தியாரய்யா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்போது தனக்குக் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறாள். மாட்டை அவள் பேரன் காலையிலும் மாலையிலும் கோயில் கிணற்றுக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். பையன் என் வகுப்பில்தான் படிக்கிறான். தினம் கால் மணி நேரம் தாமதமாக வருகிறான். நான் ஏன் என்று கேட்பதில்லை.